தறி நிற்காத வரைக்கும்

மின்சாரத்தையும் பக்கத்து எண்ணுக்கு முழுமையாக்கிவிடலாம் என்று நம்பியவன் நான். பதின்மூன்று வயதில் நம்பினேன் என்றால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அப்போது வகுப்பில் கணக்கில் நான்தான் முதல் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவமானம் முழுமையடையும்.

பாவா, அதாவது அக்காவின் கணவர், எங்கள் வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முகூர்த்த நாளில் திருத்தணி மலையில் மணமக்கள் டவுன் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் முண்டியடித்து நிற்பார்கள். அதில் எப்படியும் ஒரு ஜோடி பாவாவிடம் சிக்கும். எடுத்த கல்யாணத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மணமக்கள்மேல் ரோஜா மழை பொழிந்து, கடைசியில் ஓர் இதயத்தை வெடிக்கவைத்து அதிலிருந்து மாமனாரை வெளிவரச் செய்வார். மூன்றாவது இதயத்துக்குள் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். எனவே பாவா சென்னைக்குப் போய் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினார். இந்தக் கார்டு குடிக்கிற கரண்டுக்குப் பழைய பவர் சப்ளை தாங்காது என்று கடைக்காரர் சொல்ல, அதிலும் பெரிதாக ஒன்று வாங்கி வந்தார்.

மறுநாள் காலையில் நான் வேடிக்கை பார்க்க, பாவா அந்தப் புதுப் பவர் சப்ளைப் பெட்டியைத் துணியால் பளபளவென்று துடைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து போன். முகூர்த்தத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம். கையில் புதுக் கேசட் இல்லை. முந்தின வாரம் எடுத்த கனகம்மாசத்திரம் பெண்ணின் கல்யாணக் கேசட்டையே கேமராவில் போட்டுக்கொண்டார். அதைத்தான் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே. அந்தப் பெண் அன்று சாயங்காலம் சிடியை வாங்கிக்கொண்டு புருஷனோடு சூரத்துக்கு ரயிலேற இருந்தாள். அவள் கல்யாணம் நடந்ததற்கு இனி அந்தக் கம்ப்யூட்டரின் வயிறு மட்டுமே சாட்சி.

“மச்சான், ஒயரெல்லாம் பாத்து சொருகி வைய்யி. நான் வந்து ஆன் பண்றேன்” என்று சொல்லிவிட்டுப் பாவா பறந்தார்.

சொருகினேன். பெட்டியின் முதுகில் சிவப்பாக ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் தள்ளினால் இருநூற்று முப்பது வோல்ட், மறுபக்கம் நூற்றுப் பதினைந்து. எங்கள் வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஷெட். தறிகள் எல்லாம் ஓடும்போது எங்கள் டியூப்லைட் கண்ணடிக்கும், டி.வி. ஸ்டெபிலைசரின் முள் நூற்றைம்பதில் படுத்திருக்கும். நூற்றைம்பதுக்கு எது கிட்டே? கணக்கு வாத்தியார் நேரில் வந்து கேட்டதுபோல் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் நூற்றுப் பதினைந்துக்குத் தள்ளினேன். பாவா சொன்னதை மறந்து ஆனும் செய்தேன். ஓடியது. இதயங்கள் புறாக்களைப்போலப் பறந்தன.

திரும்பி வந்த பாவா திரையைப் பார்த்து, “டேய், இஞ்சினியரு!” என்று என் தலையைக் கலைத்தார். ரோஜாவையும் இதயத்தையும் சேர்த்துச் சிடிக்கு ஏற்ற முழுக் கல்யாணத்தையும் ஓடவிட்டு, கம்ப்யூட்டர் எதிரிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா தோசை கொண்டுவந்து போட்டாள்.

“கடக்காரன் பத்து வாட்டி சொல்லி அனுப்சான்” என்றார் அக்காவிடம். “பின்னாடி செவப்பா ஒரு சுச்சு கீதாம். அத நூத்திப் பதினஞ்சுல வெச்சா பட்டாசு மாதிரி வெடிச்சிடுமாம். அது அமெரிக்காக்காரனுக்காம்.”

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். ஏன் இன்னும் வெடிக்கவில்லை? ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். முள் நூற்றைம்பதில் தூங்கிக்கொண்டிருந்தது. தறிகள்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு வேளைக்குத் தறி நின்றதும் முள் எழுந்துவிடும்.

“பாவா, கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிட்டு...”

“இன்னாடா வெளாட்றியா? நிறுத்துனா மொதல்லேர்ந்து ஓட்டணும். சாய்ந்தரம் அந்தப் பொண்ணுக்கு இன்னாத்தக் குடுப்பேன்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிடத் தறியை நிற்கவிடாமல் செய்வது சுலபம் என்று தோன்றியது. கை கழுவாமல் ஷெட்டுக்கு ஓடினேன். சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

“அண்ணா! இன்னிக்கி சாப்பாட்டுக்குத் தறிய நிறுத்தாதீங்கண்ணா!”

வாசல் பக்கத்துத் தறிக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: “டேய், இந்தப் பையன் சோத்துக்கு நிறுத்தக் கூடாதுன்றான்டா!”

“மொதலாளி அனுப்சாரா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“மொதலாளிக்கே இவ்ளோ தைரியம் கெடையாதே!”

“ஒரே ஒரு நாள் அண்ணா. உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

“புண்ணியத்த வெச்சிகினு வயிறு ரொம்புமா? வேணும்னா நீ ஓட்டிகினு இரு, நாங்க துன்னுட்டு வந்துடறோம்.”

சிரித்துக்கொண்டே ஒருவர் தறியை நிறுத்தினார். அடுத்தது நின்றது. அதற்கடுத்தது. தலைக்குமேல் தொங்கிய குண்டு பல்பு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஓடினேன்.

வாசலில் கால் வைத்தபோது மின்விசிறி என்றும் இல்லாத உற்சாகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே வெடித்தது. திரை இருண்டது, பெட்டியின் முதுகிலிருந்து புகை சுருண்டு கிளம்பியது. பாவா பிளக்கைப் பிடுங்கினார். பின்பக்கம் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சமையலறையிலிருந்து அக்கா, “இன்னா வெடிச்சிது?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பாவா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நகத்தால் அந்தச் சுவிட்சை இருநூற்று முப்பதுக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

“ஆங், டூப்ளிகேட் மாலு” என்றார்.

பழைய பெட்டியை மறுபடி மாட்டினோம். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கல்யாணம் இருக்கிறதா, கருகிவிட்டதா? திரை கறுப்பாகவே இருந்தது. அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அது அந்தப் பெண்ணின் தாலிக்காகவா பாவாவின் தொழிலுக்காகவா என்று தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கர்ர் என்று சுற்றத் தொடங்கியது. பிறகு, மாலையும் கழுத்துமாகக் கனகம்மாசத்திரம் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். புதுக் கார்டு மட்டும் எழவில்லை. ரோஜா, இதயம் ஒன்றும் இல்லாத மொட்டைக் கல்யாணத்தை வாங்கிக்கொண்டு அவள் ரயிலேறினாள்.

பாவா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நன்றிக்காகவே காலேஜ் போகும்வரை அவர் கூப்பிட்ட கல்யாணத்துக்கெல்லாம் போய், உள்ளங்கை வேக வேக லைட் பிடித்தேன். அவரும் என்னை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. மன்னிப்பவர்களின் அன்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதர் இன்னொருவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதற்கு வேறு காரணமும் இருக்கக்கூடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் என் வீட்டுக்கு வந்திருந்த பாவா, அக்கா உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“மச்சான், அன்னிக்கி வெடிச்சிதே, அது மாலு தப்பு இல்லடா. துணியால தொடச்சேன் பாரு, அப்போ நான்தான் அந்த சுச்ச தள்ளி உட்டுட்டேன். நீ வேற பாத்துகினே நின்னியா, உங்க அக்காகிட்ட போட்டுக் குடுத்துடுவியோன்ற பயத்துலதான் அத்தினி வருஷம் உன்ன லைட்டு புடிக்கக் கூட்டிகினு சுத்துனேன். இல்லாங்காட்டி, அந்தக் கை நடுக்கத்துக்கு உன்ன எவன்டா கூப்புடுவான்?”