பட்டியலில் இல்லாத ஓப்பன்பிஎஸ்டி

திருமழிசை தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில், சரக்கு அனுப்பும் பிரிவில் அருள்மொழி வேலை பார்க்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்பு அங்கே கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நெமிலிச்சேரியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விண்டோஸ் அதில் மூச்சுத் திணறியது. யாரும் அதிகம் பேசாத ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் மட்டும் சிரமமில்லாமல் ஓடியது. கூடவே வந்த கையேட்டை, அகராதியும் பென்சிலுமாக இரண்டு வருடம் படித்தாள். சொல்லித்தர ஆள் இல்லை.

கற்றதை வைத்து ஒரு காரியம் செய்தாள். அவள் அம்மா பொன்னியம்மா, வயல் வேலை நின்றுபோன பிறகு தொழிற்பேட்டையில் கேட் கேட்டாக ஏறி இறங்கி வேலை கேட்டவர். அந்த அலைச்சல் இன்னொருத்திக்கு வேண்டாம் என்று, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதை தினமும் ஓர் இணையப் பக்கத்தில் போட்டாள். 'பேக்கிங்குக்கு நான்கு பெண்கள், காலை ஷிப்ட், பஸ் உண்டு' என்ற மாதிரி. ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஆவடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் அந்தப் பக்கம் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்தே ஓடியது; நெமிலிச்சேரியில் கரண்ட் போனால் பக்கமும் போய்விடும். போன மழைக்கு மூன்று நாள் படுத்துவிட்டது.

"இன்னாடி, வேலை தேடுற பொண்ணுங்க போனைப் பாத்துகினே கீதுங்களாம்," என்றார் பொன்னியம்மா.

வெளியே ஒரு விர்ச்சுவல் சர்வரை, அதாவது கரண்ட் போகாத ஒரு கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் தனக்கென்று ஒரு பங்கை, வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தாள். மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் அவளால் முடியாது. ஐந்து கம்பெனிகளைக் கேட்டாள். லினக்ஸ் அல்லது விண்டோஸ், வேறெதுவும் கிடையாது என்றார்கள். கொடுக்கிறேன் என்ற ஒரே வெளிநாட்டுக் கம்பெனி கிரெடிட் கார்டு கேட்டது. அவளிடம் அது இல்லை.

கூட வேலை செய்யும் கிஷோருக்குப் பொறுமை போய்விட்டது. "அருளு, லினக்ஸ் போட்டுக்கினு போயேன். ஊரே அதுலதான் கீது."

"அதுல ஒண்ணு ஆச்சுன்னா இன்னொருத்தர கேட்டுக்கினு நிக்கணும் கிஷோர். இதுல எங்க கை வெச்சா இன்னா ஆவும்னு எனக்கே தெரியும்."

கடைசியாக, கோயம்புத்தூரில் இருந்த ஒரு சின்ன கம்பெனிக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் எழுதினாள். மறுநாள் தீபிகா என்ற பெண் அங்கிருந்து போன் செய்தாள்.

"எங்க லிஸ்ட்டுல அது இல்லீங்க. நீங்க அதோட இன்ஸ்டால் ஃபைலைக் கொடுத்தா மெஷின்ல ஏத்தி விடறேன். மாசம் இருநூத்தி நாப்பத்தொம்பது. அதுக்கு மேல ஏதாச்சும் சிக்கல்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"அது போதும் மேடம்," என்றாள் அருள்மொழி.

ஞாயிறு காலையில் இருவரும் உட்கார்ந்தார்கள், ஒருத்தி கோவையில், ஒருத்தி நெமிலிச்சேரியில். இயங்குதளம் நல்லபடியாக ஏறியது. ஆனால் நெட் வரவில்லை. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் அதே கதை.

"விட்டுரலாங்களா? காசைத் திருப்பித் தந்தர்றேன்," என்றாள் தீபிகா, வருத்தமாக.

"அரை மணி நேரம் குடுங்க."

அருள்மொழி பழைய கம்ப்யூட்டரில் கையேட்டைத் திறந்தாள். சர்வர் இணையத்துக்குப் போகும் வழியாக அந்தக் கம்பெனி தந்திருந்த வாசல் முகவரியின் (கேட்வே) எண்கள், அவளுடைய சர்வரின் எண் வரிசைக்கு வெளியே இருந்தன. அதனால் வாசல் எந்தப் பக்கம் என்று சர்வருக்குத் தெரியவில்லை. அந்தப் பாதையைச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி கிளப்பினாள். வெளியிலிருந்து பதில் வந்தது.

"வந்துருச்சுங்க!" தீபிகாதான் முதலில் கத்தினாள்.

அன்றே பக்கத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினாள். புதன்கிழமை பராமரிப்பு வேலைக்காக நெமிலிச்சேரியில் நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றும் அறுபத்தொரு பேர் அவளுடைய வேலைப் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள். அருள்மொழி அந்த எண்ணை அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னாள்.

அடுத்த மாதம் தீபிகா மறுபடி போன் செய்தாள். அவர்கள் லிஸ்ட்டில் ஓப்பன்பிஎஸ்டியும் சேர்ந்துவிட்டதாம்; இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்களாம்.

"அந்த ஒரு வரி விஷயத்தைத் தமிழ்ல எழுதித் தர்றீங்களா? உங்க பேர்லயே போடறோம்."

இப்போது மதிய சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, அருள்மொழி அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.