அத்தானை வகுப்புக்கு அனுப்பிய நீதிமன்றம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஊரிலிருந்து வெளிநாடு வந்து, வெக்ஸ்போர்ட்டில் அக்கா வீட்டில் இருந்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம், கறியில் உப்புக் கூடிவிட்டது என்று தொடங்கிய சண்டையில் அத்தான் பெல்ட்டைக் கழற்றினார். பக்கிள் பட்டு அக்காவின் புருவம் பிளந்தது. அவள் விழுந்த பிறகும் விடவில்லை. தலைமயிரைப் பிடித்துச் சுவரோடு மோதினார். நான் அவர் முதுகில் தொங்கி இழுத்தேன். என்னை உதறிய முழங்கை என் உதட்டைக் கிழித்தது. வாயில் இரத்தத்தோடுதான் பொலிசுக்குப் போன் அடித்தேன்.

அவரை விலங்கு போட்டுக் கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தையல் போடும்போதே சொந்தக்கார அன்ரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"குடும்ப விஷயத்துக்கு ஏன் பிள்ளை பொலிசைக் கூப்பிட்டனீ?"

"அவள் செத்த பிறகோ கூப்பிடுறது அன்ரி?"

அக்காவுக்கு அவர் மறியலில் அடைபட்டுக் கிடப்பதில் விருப்பமில்லை. "அடிக்காமல் இருந்தால் காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றாள். அப்போதுதான் இப்படியான வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் தொடங்கியிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடிக்கிற ஆண்களுக்கான வாராந்த வகுப்புக்குப் போய் முடித்தால் மறியல் இல்லை. ஆனால் நடந்ததை அவரே வாயால் சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி.

"சும்மா ரெண்டு அடி போட்டனான்" என்றார் அத்தான்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்ட நீதிபதி குரலை உயர்த்தவில்லை. எதால் அடித்தீர், எங்கே அடித்தீர், விழுந்த பிறகு என்ன செய்தீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தான் வியர்த்துப்போனார்.

"பெல்ட்டால. முகத்தில. விழுந்தாப் பிறகும் அடிச்சனான்." பிறகு, யாரும் கேட்காமலே, "ஊரில பிடிச்சுக்கொண்டு போய் காம்பில ஆமிக்காரர் என்னையும் இப்பிடித்தான் அடிச்சவங்கள். பைப்பால. மயங்கினாலும் விடேல்லை" என்றார். அவருடைய முதுகுத் தழும்புகளுக்குக் காரணம் ஒரு விபத்து என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

பின்வரிசையில் இருந்த அக்கா எழுந்துவிட்டாள். "உங்களை அடிச்சது நானோ?"

யாரும் அவளை இருக்கச் சொல்லவில்லை. அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வகுப்பை அவர் ஒரு கிழமையும் தவறவிடவில்லை. அதுவரை வீட்டுப் பக்கம் வர அவருக்குத் தடை இருந்தது; பிறகு அக்கா சம்மதித்ததால் அவளை வந்து பார்க்க நீதிமன்றம் அனுமதித்தது. ஒருநாள் பின்னேரம் வந்தவர், ஏதோ பேச்சில் சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். சோறு சிதறியது. அக்கா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குந்திவிட்டாள். அத்தான் தன் கையையே பார்த்தார். பிறகு காலில் சப்பாத்தும் போடாமல் வெளியே ஓடினார். கோபம் ஏறினால் அந்த இடத்தை விட்டுப் போ என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டினார். "இனி அடிக்க மாட்டன். அதுதானே வெளியில போனனான்."

அக்கா திறக்கவில்லை. "ஓம், போனீங்கள். ஆனால் நான் இன்னும் நடுங்கிக்கொண்டு நிக்கிறன். போங்கோ."

அவர் போனார். வழக்கின் கடைசித் தவணையில் அவர் திருந்தியிருக்கிறார் என்று வகுப்புக்காரர் நீதிபதியிடம் சொன்னார்கள். அது பொய்யல்ல என்றுதான் நினைக்கிறேன். அக்கா விவாகரத்துக் கேட்டாள். அன்ரி எங்களோடு கதைப்பதை நிறுத்தினார். அந்த வருடமே நாங்கள் இருவரும் தள்ளி இருந்த விட்பிக்கு வீடு மாறினோம்.