பெயர் வைக்கவில்லை என்று நான் சொன்னேன்

தலவாக்கலை ஸ்டாண்டில் த்ரீவீல் ஓட்டுகிறவனுக்கு ஊரார் பிள்ளைகளின் பெயரெல்லாம் முதலிலேயே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டில் சுற்றிய குழந்தையோடு ஏறுகிறவர்களைத் தோட்டத்து லய வீட்டில் கொண்டுபோய் இறக்குவதற்குள் "என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிடுவேன். கேட்டதோடு நிற்க மாட்டேன், அபிப்பிராயமும் சொல்வேன். யாரும் அதைக் கேட்பதில்லைதான். ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கவா முடியும்?

இப்போதெல்லாம் போனில் தேடி, எண்சாத்திரக்காரரிடம் கொடுத்துக் கூட்டிக் கழித்துத்தான் பெயர் எடுக்கிறார்கள். "தங்கச்சி, இது பிள்ளைக்கா, இருமல் மருந்துக்கா?" என்று ஒரு தாயிடம் கேட்டேன். வெளிநாட்டுப் பந்து விளையாட்டுக்காரன் ஒருவனின் பெயரை மகனுக்கு வைத்த தகப்பனிடம், "பந்தும் வாங்கியாச்சுங்களா?" என்றேன். அந்த மனிதர் அதன் பிறகு பஸ்ஸில்தான் போகிறார்.

இவ்வளவு பேசுகிறவன் தன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னை லயத்துக்குப் பின்னால் குப்பை மேட்டில் கிடத்தினார்களாம். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ஒரு சுளகு தவிடு கொடுத்து விலைக்கு வாங்கி, மறுபடி என் அம்மாவிடமே வளர்க்கக் கொடுத்தாளாம். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவான் என்பது ஏற்பாடு. குப்பை, பிச்சை, தவிடு என்று அதற்கென்றே சில பெயர்கள் உண்டு. எனக்கும் அப்படி ஒன்று வாய்த்தது. பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது வகுப்பே சிரிக்கும். அவர்கள் சிரிப்பதற்கு முன் நானே சிரித்துவிடப் பழகினேன். அந்தப் பழக்கம்தான் இன்றுவரை என்னை ஓட்டுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தான். மாதம் நிறையவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவனுக்கான பெயரை அவள் ஐந்தாம் மாதமே எடுத்து வைத்திருந்தாள். அதையும் நான் விட்டுவைக்கவில்லை. "இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்" என்றேன். அவளும் அன்றைக்குச் சிரித்தாள்.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்பது. அதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடக்கூடாது. மகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நான் பதறிப்போய், "இப்ப சொல்லாத புள்ள, நாள் வரட்டும்" என்று அடக்கினேன்.

பதினோராம் நாள் அவன் போய்விட்டான்.

மருமகன் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். மகள் வார்டில் படுத்திருந்தாள். மரணப் பதிவுக் காகித வேலைக்கு நான்தான் போனேன். அடையாள அட்டையைக் கேட்டார்கள். நான் டிரைவிங் லைசனை நீட்டினேன். கையெழுத்துக் கேட்டார்கள், முகவரி எழுதும் இடத்தில் போட்டேன். ஊர்ப் பெயர்களுக்கெல்லாம் நியாயம் சொன்ன பெரிய மனுஷன் அதை அடித்துவிட்டுக் கீழே இன்னொன்று போட்டான். கிளார்க் தலையைத் தூக்காமல் சிங்களத்தில் கேட்டார், "நம மொக்கத?" பெயர் என்ன?

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் "தாம நம தியலா நே" என்றேன். இன்னும் பெயர் வைக்கவில்லை. முப்பத்தோரு நாளாக இன்னும் இருபது நாள் இருந்தது. இறந்துபோன பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வந்துவிடும் என்று பயந்தேனோ, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. கிளார்க் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

மகளை என் வண்டியிலேயே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழி முழுக்கப் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். "பேர் இருந்துச்சே அப்பா. உங்களுக்குத் தெரியுமே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் முன்னால் அந்தப் பெயரை அவள் எடுத்ததே இல்லை. நானும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் கதவைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது.

போன மாதம் இரண்டாவது பிறந்தாள், பெண். மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளாகி, விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்து அனுப்பினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். எனக்குக் காதில் ஏறினால்தானே! டவுனில் முஸ்லிம் நாநாவின் பலசரக்குக் கடைக்கு ஓடி ஒரு கிலோ தவிடு கேட்டேன்.

"கோழி வளக்கிறியா தம்பி?"

"இல்ல நாநா, பேத்திக்கு."

நாநா தராசைப் பிடித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார். "பால்மா இந்தப் பக்கம் இருக்கு" என்றார்.

வீட்டில் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள்.

"என்னாப்பா இது?"

"கோழிக்கு."

"நம்மகிட்ட ஏதுப்பா கோழி?"

ஒளிக்க முடியவில்லை. "ஒரு நிமிஷம் பின்னால கெடத்தி எடுத்துருவோம். பக்கத்து அக்கா வாங்கிக்குவாங்க. பேரு மட்டும் கொஞ்சம் மட்டமா... நான் பொழச்சு நிக்கிறேன்ல?"

அவள் கோபப்படவில்லை. பிள்ளையைத் தோளுக்கு மாற்றி முதுகைத் தட்டினாள்.

"அப்பா, அவனை எமன் பேர் தெரிஞ்சா எடுத்துட்டுப் போனான்? பேரே இல்லாமத்தான போனான். இவளுக்கு நாளைக்கே பதியப் போறேன். முப்பத்தொண்ணு வரைக்கும் நான் காத்திருக்கமாட்டேன்."

"இன்னும் பத்து நாள்கூட ஆகலயே புள்ள."

"அதான் சொல்றேன். வண்டி எடுப்பீங்களா, வேற ஆளப் பாக்கவா?"

மறுநாள் எடுத்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவளையே பார்த்து ஓட்டி இரண்டு தடவை பள்ளத்தில் இறக்கினேன். என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. பதிவாளரிடம் அவள் சொன்னபோதுதான் எனக்கும் தெரிந்தது. நல்ல பெயரா, கெட்ட பெயரா என்று யோசிக்கவே தோன்றவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எழுதுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

எழுந்து போவோம் என்று நினைத்தேன். மகள் பையிலிருந்து மடித்த பழைய காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இந்தப் பிள்ளைக்கும் பெயர் இருந்தது, இதில் போட முடியுமா என்று சிங்களத்தில் கேட்டாள்.

பதிவாளர் அம்மா பெயர்க் கட்டத்திலிருந்த கோட்டின் மேல் விரலை வைத்தார். முடியுமா என்று தன்னால் சொல்ல இயலாது, மேலே அனுப்பிப் பார்க்கலாம் என்றார். அன்றைக்குத் தகவல் கொடுத்தவர் நடந்ததை எழுதித் தர வேண்டுமாம். யார் கொடுத்தது என்று கேட்டார்.

"அப்பாதான்" என்றாள் மகள். என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வெள்ளைத் தாள் தந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் இருந்தது, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் சொல்லவில்லை என்று எழுதினேன். அதற்கடுத்து அவன் பெயர் வர வேண்டும். பேனாவைப் பிடித்தபடி மகளைப் பார்த்தேன். அவள் பிள்ளையோடு ஜன்னலருகே நின்றாள், உதவிக்கு வரவில்லை. எழுதினேன்.

பிறகு அவள் வந்து, தாளைக் கையில் எடுத்து, மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். பெயர் வந்த இடத்தில் நின்று, அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் படித்தாள்.

"கீழ தேதி போடுங்கப்பா" என்று தாளை என்னிடம் தந்தாள்.