டிரைவர் அண்ணன்களுக்கு பெல்ட் மாட்டிய கதை

டிராவல்ஸ் ஆபீசில் வண்டி அனுப்பும் வேலை என்பது பாதி நேரம் கேள்வி கேட்பது, மீதி நேரம் வந்த பதிலை நம்பாமல் இருப்பது. வீட்டில் ஒரே பேச்சைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் ஆபீஸ். டிரைவர் கோபி லீவு நாளில் சீட் பெல்ட் போடாமல் மாமியார் வீட்டுக்குப் போய், கண்ணாடியில் மோதி, புருவத்தில் தையலோடு வந்தார். டூட்டியோ சொந்த வேலையோ, இனி ஒருத்தரும் அடிபட்டு வரக்கூடாது, பெல்ட் போட வைப்பது உன் பொறுப்பு என்றார் முதலாளி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை வயது மகளுக்குச் சட்டை மாட்டவே என்னால் முடிவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சத்தமே வரலை

பெல்ட் போடாவிட்டால் வண்டி கீச்கீச்சென்று கத்தும். ஒரு வாரம் கேட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வண்டியும் கத்தவில்லை. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். மறுநாள் தண்ணீர் பாட்டில் கொடுக்க ஏழுமலை அண்ணன் வண்டிக் கதவைத் திறந்தால், பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் சுற்றி மாட்டிவிட்டு அதற்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். மற்ற வண்டிகளிலும் அதே வித்தை. அண்ணனுக்குக் கூச்சமே இல்லை. "வண்டி கத்தக்கூடாதுன்னுதானேம்மா சொன்ன? கத்துதா பாரு."

மலையடிவாரம்

தனபால் அண்ணன் ஒழுங்கானவர். ஒரு கிருத்திகைக்கு அவர் வண்டியில் மலைக்குப் போனேன். வளைவுகள் ஆரம்பிக்கிற இடத்தில் சரியாக பெல்ட்டைக் கழற்றினார். கேட்டால், சாமி எதிரில் தோளில் துண்டோடு நிற்போமா, இதுவும் தோளில்தானே கிடக்கிறது என்கிறார்.

வீட்டுக்கு வந்து தோசைமாவு கரைக்கும்போதுதான் பதில் தோன்றியது. மறுநாள் ஓடிப்போய், துண்டை எடுப்பது சன்னதியில்தானே அண்ணா, வழியெல்லாம் தோளில்தானே கிடக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "ஆங், அதுவும் சரிதான். மேல வண்டிய நிறுத்திட்டு எடுத்துக்கிறேன்."

சீட் கவர்

லீவு நாளில் யார் போய்ப் பார்ப்பது? வீட்டம்மாக்களுக்குப் போன் போட்டேன். ஏழுமலை அண்ணன் மனைவி தேவி அக்கா, அவர் பெல்ட் போடும்வரை காரில் ஏறுவதே இல்லையாம். பின் சீட்டிலும் போடுங்கள் என்றேன். மாட்டுகிற கொக்கியே காணோம், புது சீட் கவருக்கு அடியில் போய்விட்டது என்றார். கவரை அறுத்தாவது வெளியே எடுங்கள் என்று பெரிய பாடமே நடத்தினேன். உங்கள் காரில் எப்படி என்று கேட்டார். போனைப் பிடித்தபடியே போய்ப் பார்த்தேன். வாங்கின நாள் முதல் அந்தக் கவர் மேல்தான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன். கவரை நான் தடவித் தடவித் தேடுகிற சத்தம் கேட்டு அக்கா சொன்னார்: "என்னம்மா, உன் கார்லயும் காணோமா?"

தோள் வலி

போன ஞாயிற்றுக்கிழமை கனகம்மாசத்திரம் தாண்டி, முன்னால் போன கரும்பு டிராக்டர் திடீரென்று நிற்க, ஏழுமலை அண்ணனின் கார் போய் இடித்துவிட்டது. முன்னால் அவர், பின்னால் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். நல்லவேளை, எல்லாரும் பெல்ட் போட்டிருந்தார்கள். வண்டியின் மூக்குதான் நசுங்கியது. சாயங்காலம் அண்ணனே பேசினார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "பெல்ட் இருந்த எடம் பூரா செவந்துகெடக்குது, கையத் தூக்க முடியல. வீட்ல அதப் பார்த்து சிரிச்சுகினு இருக்காங்க. எல்லாம் உன்னாலதாம்மா."

ஒரு மனுஷன் தோள் வலியில் புலம்பியதைக் கேட்டு இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.