ஓடாத புரோகிராமுக்கு முழு மதிப்பெண்

இன்று கல்லூரியில் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வு. தேறாவிட்டால் அடுத்த வாரம் வேலைக்கான நேர்காணலுக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஒரு ஃபைலைப் படித்து, அதிலுள்ள பெயர்களைத் திரையில் காட்டும் புரோகிராம் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் இருந்தபடியே அடித்தேன். திரை முழுக்கப் பிழைகள்.

வருடாவருடம் சீனியர்களைப் பார்த்து எழுதும் நோட்டு அது. அதிலிருந்த புரோகிராமின் முதல் வரி, அதை ஓட வைக்கும் பழைய கம்பைலருக்கானது. இந்த வருடம் போட்ட புதுக் கம்பைலர் அதை ஏற்கவில்லை.

அந்த வரியை மட்டும் மாற்றினேன். பெயர்கள் வரிசையாக வந்தன.

சார் எட்டிப் பார்த்தார். "ரெக்கார்டுல இப்படியாப்பா இருக்கு?"

"அது ஓடல சார். இது ஓடுது, பாருங்க."

"ஓடுறத யாரு கேட்டா? நோட்டுல உள்ளத அடி. இல்லேன்னா மார்க்கு போயிரும்."

பக்கத்தில் இருந்த முருகன் நோட்டிலிருந்த விடையை மனப்பாடமாகத் தாளில் எழுதி முடித்திருந்தான். "ஏலே, ஒன்னைய எவன்டா கம்பைல் பண்ணச் சொன்னது?" என்று சிரித்தான்.

பழைய வரியைத் திரும்பப் போட்டேன். எல்லாப் பிழைகளும் திரும்பி வந்தன. "இப்பச் சரி" என்று சார் முழு மார்க்கும் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நிலக்கோட்டையிலிருந்து மூன்று வருடம் முதல் பஸ்ஸில் வந்து படித்த படிப்பு இது.

உங்கள் கல்லூரியில் யாராவது புரோகிராமை ஓட்டிப் பார்த்ததுண்டா?