கிளப் கொடுத்த கை

எங்கள் வீட்டில் எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். அத்தை ஆசையாக எடுத்துக் கொடுத்த புடவையை அம்மா வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதை அத்தையிடமே சொன்னவள் நான். அப்பா காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுத் தூங்கிய நாளில், போன் செய்த அவருடைய மேலதிகாரியிடம், "அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே, நல்லா குறட்டை விடுறாரு" என்று சொன்னவளும் நான்தான். ஒன்பது வயதுக்குள் இவ்வளவு சாதித்திருந்த என்னிடம், ஒரு ரகசியத்தை நம்பி ஒப்படைக்க வேண்டிய நிலைமை அப்பாவுக்கு வந்தது. அந்த ஒரு ரகசியத்தை மட்டும் நான் காப்பாற்றினேன். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

அப்போது குன்றத்தூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். அதிகாரி. காலையில் கம்பெனி பஸ், இரவில் கம்பெனி பஸ், ஞாயிற்றுக்கிழமை தூக்கம் என்று இருந்த மனிதரை யாரோ ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சேவை கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர், வக்கீல், ஃபாக்டரி மேனேஜர்கள் என்று பெரிய மனிதர்கள் கூடும் இடம் அது. கண் முகாம் நடத்துவார்கள், ரத்த தானம் செய்வார்கள், பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். மழைக்காலம் வந்தால் மரக்கன்று நடுவார்கள், போன வருடம் நட்டு ஆடு தின்றுவிட்ட அதே குழிகளில்.

மாதம் ஒருமுறை குடும்பத்தோடு கூட்டம் நடக்கும். பேச்செல்லாம் முடிந்ததும் மைக்கில் "இனி ஃபெல்லோஷிப்" என்று அறிவிப்பார்கள். உடனே எல்லோரும் சாப்பாட்டுப் பக்கம் நகர்வதால், அது ஏதோ பலகாரத்தின் பெயர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அந்தக் கூட்டங்கள் எனக்கு உயிர். குழந்தைகளுக்கு மியூசிக்கல் சேர் வைப்பார்கள். பல் டாக்டர் ஒருவர் பழைய பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். வீட்டில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா அங்கே வாய்விட்டுச் சிரிப்பார். இரண்டாம் வருடமே அவரைச் செயலாளர் ஆக்கினார்கள். சட்டையில் குத்தும் சின்ன பேட்ஜை அவர் கண்ணாடி முன் நின்று மூன்று தடவை சரிசெய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாமா, அம்மாவின் தம்பி, பிள்ளைப்பாக்கத்தில் இருந்தார். என் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். எப்போது வந்தாலும் வாசலிலேயே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு விரல்களை மூடி இரண்டு கை முட்டிகளையும் முன்னால் நீட்டி, "எந்தக் கைல கீது? சொல்லு பாத்துக்கலாம்" என்பார். சரியாகச் சொன்னால் தேன்மிட்டாய் எனக்கு. தப்பாகச் சொன்னாலும் எனக்குத்தான், ஆனால் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தருவார்.

மாமா ஒரு சின்ன கம்பெனியில் கான்ட்ராக்டில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓவர்டைம் பார்க்கும்போது பிரஸ் அவர் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. இடது முட்டியையும், வலது பக்கம் தொங்கும் வெறும் சட்டைக் கையையும் நீட்டி அதே கேள்வியைக் கேட்பார். நானும் ரொம்ப யோசிப்பது போல் பாவனை செய்து, இடது கையைத் தொடுவேன். "கில்லாடி பாப்பா, எப்பவும் கரெக்டா சொல்லுதே" என்று மாமா சிரிப்பார். அம்மா உள்ளே போய்விடுவாள்.

அடுத்த வருடம் கிளப் இலவச செயற்கைக் கை முகாம் ஒன்றை ஏற்பாடு செய்தது. பட்டை போட்டு முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கை. விரல்களை மற்றொரு கையால் மடக்கிவைத்தால் அப்படியே நிற்கும். பேனா பிடிக்கலாம், ஸ்பூன் பிடிக்கலாம், வண்டியின் ஹேண்டில்பாரையும் பிடிக்கலாம். அப்பா மாமாவின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார். முகாமுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார்.

"கிளப்ல ஒரு ரூல் இருக்கு. மெம்பர் குடும்பத்துக்கு எதுவும் குடுக்கக் கூடாது. அவரு உன் மாமான்னு தெரிஞ்சா கையைத் திருப்பி வாங்கிடுவாங்க. அதனால நாளைக்கு அவரை மாமான்னு கூப்பிடக் கூடாது, பக்கத்துலயும் போகக் கூடாது. புரியுதா?"

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால் யாராவது வந்து மாமாவின் புதுக் கையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சாமிப் படத்துக்கு முன்னால் நின்று, நாளைக்கு ஒருநாள் என் வாயைக் கட்டிப்போடு என்று வேண்டிக்கொண்டேன். அம்மா தலைவலி என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவளுக்கு அடிக்கடி தலைவலி வருமென்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகாம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. காலையிலேயே எல்லோருக்கும் அளவு பார்த்துக் கையை மாட்டிப் பழக்கிவிட்டார்கள். பதினோரு மணிக்கு மேடை நிகழ்ச்சி. கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் பேனருக்கு முன்னால் நிற்கவைத்து, வாங்கியவர் அதைப் பயன்படுத்திக் காட்ட வேண்டும், போட்டோவுக்காக. கண்ணாடி வாங்கியவர் பேப்பர் படிக்க வேண்டும், கை வாங்கியவர் போர்டில் பெயர் எழுத வேண்டும். ஒவ்வொருவரைப் பற்றியும் செயலாளர் மைக்கில் இரண்டு வரி வாசிப்பார்.

மாமாவின் முறை வந்தது. சலவைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். அப்பா காகிதத்தைப் பார்த்தபடியே, "பிள்ளைப்பாக்கத்தைச் சேர்ந்த இவர் விபத்தில் கையை இழந்தவர். ஆதரிக்க யாரும் இல்லாதவர்" என்று தணிந்த குரலில் வேகமாக வாசித்தார். எனக்கு ஒரு நிமிடம் குழப்பமாக இருந்தது. நாங்கள் இருக்கிறோமே என்று நினைத்தேன். பிறகு அதுவும் ரகசியத்தின் ஒரு பகுதி போலிருக்கிறது என்று சமாதானமாகிவிட்டேன். மாமா போர்டில் கோணல்மாணலாகப் பெயரை எழுதி, அதன் கீழே ஒரு பூவும் வரைந்தார். மண்டபமே கை தட்டியது. நான் மட்டும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அதன் பிறகு ஃபெல்லோஷிப். உறுப்பினர்களுக்கு மேஜையில் இலைச் சாப்பாடு, உதவி வாங்கியவர்களுக்கு வாசல் பக்கம் பொட்டலம். கிளப் தலைவரின் மனைவிக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்திருந்தார்கள். அவர் எனக்கு அப்பளம் உடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமா நேராக என்னிடம் வந்தார்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. உறவையும் சொல்லவில்லை. அப்பா அவரிடமும் சொல்லிவைத்திருந்ததை அவர் மீறவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு முட்டிகளை எடுத்து என் முன்னால் நீட்டினார், அவ்வளவுதான். ஒன்று கறுத்த முட்டி, இன்னொன்று பளபளவென்று பிளாஸ்டிக் முட்டி. ஒரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் இரண்டு கை இருந்தது. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"எந்தக் கைல கீது, சொல்லு பாப்பா?"

தலைவரின் மனைவி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இவரு? உனக்குத் தெரிஞ்சவரா?"

 வந்துவிட்டது சோதனை என்று நினைத்தேன். அந்தப் பிளாஸ்டிக் கையைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக்கொண்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன். "இல்ல ஆன்ட்டி, இவரு யாருன்னே எனக்குத் தெரியாது."

மாமாவின் முட்டிகள் சிறிது நேரம் அப்படியே நீண்டிருந்தன. பிறகு கீழே இறங்கின. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எங்க வூட்டுப் பாப்பா ஒண்ணு இதே மாரி இருக்கும், அதான்" என்று தலைவரின் மனைவியிடம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தம்பி எப்படி இருந்தான்?" என்பதுதான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். தெரியாது என்று எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பதை அதே குரலில் நடித்தும் காட்டினேன். இனிமேல் என்னை யாரும் ஓட்டை வாய் என்று கூப்பிட முடியாது என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கூப்பிடாதேன்னுதானே சொன்னேன்? தெரியாதுன்னு சொல்லச் சொன்னேனா?" என்றார் என்னிடம். அம்மா அடுக்களைக்குள் போனாள். அன்று எனக்குப் பாராட்டே கிடைக்கவில்லை என்று அழுதேன்.

மாமா அதன் பிறகும் வந்தார். பொங்கலுக்குக் கரும்பும், என் சடங்குக்குத் தாய்மாமன் சீரும் கொண்டுவந்தார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும்போது அந்தக் கையை மாட்டிக்கொண்டு வந்ததே இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார், மளிகைக் கடையில் பில் எழுதுகிறார் என்று கேள்விப்படுவோம். எங்கள் வாசலில் மட்டும் அதே வெறும் சட்டைக் கை. தேன்மிட்டாயையும் விடாமல் வாங்கிவந்தார். ஆனால் அதைப் பொட்டலமாக மேஜைமேல் வைத்துவிட்டு, "பாப்பாவுக்கு" என்று அம்மாவிடம் சொல்வார்.

என் கல்யாணத்தில் மாமாதான் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தார், இடது கையால். பழைய கிளப் தலைவரும் வந்திருந்தார். மாமாவை உற்றுப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "சொந்த மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத கையையே அவருக்குக் குடுத்திருப்போமே சார். குடும்பத்துக்குக் குடுக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று கேட்டார். அப்பா ஏதோ சொல்லிச் சிரித்தார். மணவறைக்குப் பக்கத்திலேயே அவர்கள் நின்றதால் எனக்கு எல்லாம் கேட்டது. அப்படி ஒரு ரூலே இல்லை. மேனேஜர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த இடத்தில், கான்ட்ராக்டில் பிரஸ் ஓட்டியவனை மச்சான் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அவரை நான் எப்படித் திட்டுவது? அவராவது காகிதத்தைப் பார்த்துத் தணிந்த குரலில்தான் வாசித்தார்.

மாமாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். காலில் விழுந்து எழுந்தபோது அவர் என் தலையில் கை வைத்து, "நல்லாரு பாப்பா" என்றார். ஊரெல்லாம் உளறித் தீர்த்த என் வாய் அப்போது அடைத்துக்கொண்டது. இன்றும் கேட்கவில்லை.

அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டதெல்லாம் வேறு. நானே எப்போதும் ஜெயிப்பதால் மாமாவுக்கு அந்த ஆட்டம் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். முகாம் மண்டபத்தில் ஒரு விரலை நீட்டி ஏதாவது ஒரு கையைத் தொட்டிருந்தால் போதும், எந்த ரகசியமும் வெளியே வந்திருக்காது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மிட்டாய் எந்தக் கையில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.