நரை கேட்ட வேடம்

"பிள்ளையள் எத்தினை பேர், ஐயா?"

"ஒண்டு."

அறைக்குள் கண்ணாடி முன் நின்ற மேரிஜோசப்பினின் கையில் சீப்பு அப்படியே நின்றது. விறாந்தையில் அவளுடைய சுயவிபரத்தை எழுதிக்கொண்டிருந்த லவனுக்குப் பதில் சொன்னது அவள் கணவர் பஸ்ரியாம்பிள்ளைதான். மகள் அன்ரனிட்டாவை மட்டும் எண்ணியிருக்கிறார். மூத்தவன் றெக்ஷன் ஒஸ்ரேலியாவுக்கென்று படகேறிப் பல வருடங்களாகிவிட்டன. போய்ச் சேர்ந்தானா என்று கடலும் சொல்லவில்லை, கரையும் சொல்லவில்லை. தகப்பன் அவனை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டார். தாயால் முடியவில்லை.

இந்தச் சுயவிபரமே அவனுக்காகத்தான். ஊர்காவற்றுறைக்குப் படம் எடுக்க வந்தவர்கள் தாய் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். படம் வெளிநாடெல்லாம் ஓடுமாம். எங்கோ ஒரு மூலையில் உயிரோடிருக்கும் பிள்ளை அம்மாவின் முகத்தைத் திரையில் கண்டால் ஒரு ரெலிபோன் கோல் எடுக்க மாட்டானா? கருவாடு காயப்போட்டபடியே அவள் வளர்த்த ஆசை அது. அயலுக்கு அது தெரியாது.

"உந்த வயசில நடிகையோ, மேரியக்கா? பேந்து எங்களை மறந்திடாதையுங்கோ" என்று சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்தாள். படக்காரருக்கு நடிகர் சேர்த்துக் கொடுக்கும் லவன், மடியிலிருந்த கணினியை மறந்து அவள் தலையையே பார்த்தான்.

"அன்ரி, தலைக்கு என்ன செய்தனீங்கள்?"

"மை பூசினனான், தம்பி. படம் பிடிக்கவேணுமெண்டீர்."

"கோயிலடியில உங்கட நரையைக் கண்டுதானே கேட்டனான். பாஸ்கா நாடகத்தில மாதா வேசம் போட்டதெல்லாம் அனுபவத்தில எழுதிப்போட்டன். ஆனா அவையள் தேடுறது நரைச்ச தாய்."

அவள் மெல்லக் கதிரையில் அமர்ந்தாள்.

"அவன் போகேக்க என்ர தலையில ஒரு நரை இல்லை. இந்தக் கோலத்தில கண்டா என்ர பிள்ளைக்கு என்னைத் தெரியாது, தம்பி."

லவன் கணினியை மூடப்போனான்.

பஸ்ரியாம்பிள்ளை எழுந்து அறைக்குள் போனார். இத்தனை காலமும் மகனின் பேரைக்கூட வாயில் எடுக்காத மனிதர், பவுடர்ப் பேணியோடு திரும்பி வந்தார். கிழிந்த வலைகளைப் பொத்தித் தடித்த விரல்களால் அவள் தலையில் வெள்ளையைத் தடவினார்.

"எந்தக் கோலத்தில நிண்டாலும் பெத்தவளை அவனுக்குத் தெரியும். நீர் நிமிர்ந்து இரும்."

லவன் படம் பிடித்தான். சிரிக்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு உதிர்ந்த பவுடரைக் கண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தது.

"கிடைக்குமோ, தம்பி?"

"அனுப்பிவிடுறன், அன்ரி. கனபேர் கேட்டிருக்கினம். அங்கால என்ர கையில இல்லை."

வாசலில் செருப்பைப் போட்டவனைப் பஸ்ரியாம்பிள்ளை மறித்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். உள்ளே அவளுக்குக் கேட்டுவிட்டது.

"பிள்ளையள் ஒண்டெண்டு எழுதினனீர். அதை ரெண்டெண்டு மாத்தும்."

லவன் தலையாட்டிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தான். சத்தம் தேய்ந்து அடங்கும்வரை நின்ற அந்த மனிதர், கதவைச் சாத்திவிட்டு, பவுடர் ஒட்டிய கையால் அதைப் பிடித்தபடியே நின்றார்.